விருந்தோம்பும் தீவும் டெங்குச் சுரமும்

நோய் வந்தபின் மருந்து தேடுதல் ஒரு வகை. நோய் வரும் வழியை அடைத்தல் மற்றொரு வகை. டெங்குச் சுரத்தில் முன்னதற்கு இடம் மிகச் சிறிது. அந்நோய்க்குரிய வைரஸை அழிக்கவல்ல மருந்து இன்னும் வழக்கிற்கு வரவில்லை. தடுப்பூசிகள் சில தோன்றியுள்ளனவெனினும், ஊரெங்கும் பரவிவிட்ட நோயை அவை அன்றே நிறுத்திவிடா. ஆதலின் வருமுன் காத்தலே தலையாய மருந்தாகின்றது. அக்காப்பு யாவர் கையில் உள்ளது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

இவ்வாராய்ச்சிக்கு மதீராத் தீவின் வரலாறு பெரிதும் துணைபுரியும். போர்ச்சுகல் நாட்டுக்குரிய அத்தீவு அத்லாந்திக் பெருங்கடலில் உள்ளது. கடுங்குளிரும் கடுவெயிலும் இல்லாத அதன் தட்பவெப்பத்தையும் மலர்ச்சோலைகளையும் நாடி ஐரோப்பியர் பலர் ஆண்டுதோறும் விடுமுறை கழிக்க அங்குச் செல்வர். அதன் தலைநகராகிய ஃபுன்ஷாலில் 2005-ஆம் ஆண்டில் ஏடிஸ் எகிப்தி என்னும் கொசு முதன்முதல் கண்டறியப்பட்டது. 2012-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் டெங்குச் சுரம் அங்கு வெளிப்பட்டது. சில திங்களுக்குள் இரண்டாயிரவருக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 2013-ஆம் ஆண்டின் முற்பகுதியில் நோய் தணிந்தது. உயிரிழப்பு நேராதது அத்தீவினர் பெற்ற பெரும்பேறு. 1927, 1928-ஆம் ஆண்டுகளில் கிரேக்க நாட்டில் இதே நோய் பரவியபோது ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் வருந்தினர். ஆயிரவருக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

கொசு வந்த ஆண்டுக்கும் சுரம் வந்த ஆண்டுக்கும் இடையே ஏழாண்டுகள் உள்ளமையை அன்பர்கள் நோக்குவார்களாக. கொசு தானே நோயன்று. நோயுற்றார் ஒருவரைக் கடித்தபின்னரே அது பிறர்க்கு நோயைத் தரும். நாள்தோறும் விமானமும் கப்பலும் வந்திறங்கும் தீவில், அத்தகையார் ஒருவர் என்றேனும் வந்தே தீர்வர். எண்ணெயும் திரியும் இட்டு வைத்த விளக்குக்குத் தீப்பொறி ஒன்றே குறை. வருவோர் அனைவரையும் சோதித்துத் தடுத்தல் இயலாது. ஆனால் திரியை அகற்றுதல் இயலும்.

அத்திரி எங்கே இருந்தது? சாக்கடையிலும் சதுப்பிலும் அன்று. ஏடிஸ் கொசு வீட்டை அடுத்துத் தேங்கிய தெளிந்த நீரையே பெரிதும் விரும்புவது. ஃபுன்ஷால் நகரில் அது பெருகிய இடங்களுள் முதன்மையானவை பூந்தொட்டிகளின் கீழ் வைக்கும் தட்டுகள். மலர் வளர்ப்பு அந்நகரத்தார்க்குப் பெருமை. அப்பெருமைக்கு அடியிலேயே பகையும் வளர்ந்தது. கொசு இட்ட முட்டை பறக்கும் கொசுவாவதற்கு வெப்பநாளில் ஒரு வாரம் அல்லது பத்து நாள் போதும். முட்டைகள் கலத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றினும் பல திங்கள் அழியாதிருக்கும். ஆகவே நீரைக் கொட்டுதல் மட்டும் போதாது; வாரந்தோறும் கலத்தைத் தேய்த்துக் கழுவுதலும் வேண்டும்.

இங்ஙனமிருக்க, நோய் பரவியவுடன் பலரும் எதிர்நோக்குவது புகை வண்டியையே. தெருவில் மருந்துப் புகை எழக் கண்டால் மக்கள் மனம் அமைதி பெறும். அதிகாரிகளுக்கும் ஏதோ செய்தோம் என்ற நிறைவு உண்டாகும். ஆயின் அப்புகை பறக்கும் கொசுக்களுள் சிலவற்றைக் கொல்லுமேயன்றி, தட்டு நீரில் நெளியும் புழுக்களைக் கொல்லாது. மதீராவின் கொசுக்களோ வழக்கமான பூச்சிமருந்துகள் பலவற்றைத் தாங்கவல்லனவாயிருந்தன என ஆய்வாளர் கண்டனர். மற்றொரு தீவாகிய கியூபாவின் ஹவானா நகரில் 1901-ஆம் ஆண்டில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிடுக. இதே கொசு பரப்பிய மஞ்சட்சுரத்தை ஒழிக்க, வில்லியம் கோர்காஸ் என்னும் இராணுவ மருத்துவர் வீடுவீடாக ஆட்களை அனுப்பினார். தொட்டிகள் மூடப்பட்டன, தேங்கிய நீர் கொட்டப்பட்டது, கொட்ட இயலாத நீரில் எண்ணெய் ஊற்றப்பட்டது, நோயுற்றோர் கொசு அணுகாவண்ணம் வலையிட்ட அறைகளில் வைக்கப்பட்டனர். நெடுங்காலம் அந்நகரை வருத்திய மஞ்சட்சுரம் அவ்வாண்டு முடிவதற்குள் மறைந்தது. அரசின் கடமை வாயிற்படிவரை வந்து நிற்பதன்று, உள்ளே நுழைந்து ஒவ்வொரு கலத்தையும் காண்பது என்பதே இதனால் நாம் அறிவது.

"நோயுண்டு என்று பறையறைந்தால் பயணிகள் வாரார், தீவினர் பிழைப்புக் கெடும்" என்பார் உளர். அவர் கவலை பொய்யன்று. விடுதிப் பணியாளரும் படகோட்டியும் பழம் விற்போரும் அவ்வருவாயாலேயே உயிர்வாழ்கின்றனர். எனினும் மறைத்தல் அவர்க்கு நன்மையாகாது. கடிபட்ட நான்கு முதல் பத்து நாளுக்குள் சுரம் தோன்றுமாதலின், விருந்தினர் பலர் தம் நாட்டுக்குத் திரும்பியபின்னரே நோயுறுவர். மதீரா சென்று மீண்டோர் பலர்க்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் அவ்வாறே நோய் வெளிப்பட்டது. பிற நாட்டு மருத்துவர் வாயிலாக வெளிவரப்போகும் செய்தியைத் தீவினரே முன்னர் உரைத்தல் அன்றோ பெருமை? உண்மை உரைத்த ஊருக்கு ஒரு பருவம் நட்டமாகலாம். பொய்த்த ஊரை மறுபருவமும் எவரும் நம்பார்.

விருந்தினர்க்கும் கடமை உண்டு. இக்கொசு பகலில், சிறப்பாகக் காலையிலும் மாலையிலும், கடிப்பது; ஆதலின் இரவு வலை மட்டும் போதாது. கைகால்களை மூடும் உடையும், தோலில் பூசும் கொசு விலக்கும் களிம்பும் பகற்பொழுதிற்கு வேண்டும். சுரம் கண்டால் ஆஸ்பிரின், இபுப்ரோபென் முதலியவற்றை விலக்குக. அவை குருதிப்போக்கை மிகுவிக்கும். மருத்துவரிடம் தாம் சென்றுவந்த இடத்தைக் கூறுக. சுரமுள்ள நாள்களில் பகலிலும் வலைக்குள் படுத்திருத்தல் பிறர்க்குச் செய்யும் பேருதவியாம். தம்மைக் கடித்த கொசு அயலாரைக் கடியாதன்றோ?

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம்மவர் பழமொழி. விருந்தினர் மூன்று நாளில் திரும்பிச் செல்வர். அவரிடமிருந்து கொசு பெற்ற நோயோ தீவினரிடம் தங்கிவிடும். ஆதலின் வந்தவர் மீது பழி கூறுதலும், அரசின் புகைக்காகக் காத்திருத்தலும் விடுத்து, வாரத்திற்கு ஒரு நாழிகை ஒவ்வொரு வீட்டாரும் ஒவ்வொரு விடுதியாரும் தத்தம் கலங்களைக் கழுவுவதே செய்யத்தக்கது. அது நோய் வந்தபின் தொடங்கும் வேலையன்று. கொசு வந்த அன்றே தொடங்கவேண்டிய வேலை. மதீராவிற்கு ஏழாண்டு தவணை கிடைத்தது. எல்லா ஊர்க்கும் அத்துணைக் காலம் கிடைக்கும் என எண்ணுதல் பேதைமையே.