சூது மேசையில இல்ல, பாக்கெட்ல இருக்கு

பாண்டியில பசங்களுக்குப் போக்கிமான் கார்டு போட்டி நடத்த ஹால் கேட்டா, "சீட்டாட்டத்துக்கெல்லாம் தர மாட்டோம் சார்"னு பதில். பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போன பெத்தாங்க் குண்ட வீசுற பெரியவங்கள இங்க யாரும் சூதாடின்னு சொன்னதில்ல.

இது ரம்மி இல்லைங்க. பணம் கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றமே தடைச் சட்டம் போட்டாச்சு. இங்க மேசையில பணமே கிடையாது. ஆளுக்கு 60 கார்டு. அடிப்படை எனர்ஜி தவிர, ஒரே பேர்ல நாலுக்கு மேல வைக்கக் கூடாது. சுவிஸ் முறை, செஸ் போட்டி மாதிரி. தோத்தவன் வீட்டுக்குப் போக வேண்டாம். அதே புள்ளியில இருக்கிற இன்னொருத்தரோட அடுத்த சுற்று ஆடுவான். தோத்துட்டுக் கை குலுக்குற பழக்கத்த எந்த போன் கத்துக் குடுக்குது?

ஆனா நடத்துறவங்களோடயும் எனக்குச் சண்டை இருக்கு. உள்ள என்ன கார்டுனு தெரியாம காசு குடுத்து வாங்குற மூடின பாக்கெட், அதுதான் சூது. எப்போ விழும்னு தெரியாத பரிசுதான் மூளையக் கட்டிப்போடும். ஸ்லாட் மெஷின் செய்யறதும் இதேதான். சூதாட்டக் கோளாற 2013லயே டிஎஸ்எம்-5 மது, போதைப் பழக்கத்தோட ஒரே அத்தியாயத்துல வச்சிடுச்சு. 1993ல மேஜிக் கார்டு ஆட்டம் வந்தப்போ, தோத்தா பந்தயம் வச்ச கார்டே போயிடும்னு விதி இருந்துச்சு. அத அப்புறம் தூக்கிட்டாங்க. பாக்கெட்ட மட்டும் தொடல.

அதனால, நுழைவுக் கட்டணத்தோட பாக்கெட்ட தலையில கட்டாதீங்க. பரிசாவும் வேணாம், என்னன்னு தெரிஞ்ச கார்டு குடுங்க. இரவல் டெக் நாலஞ்சு வைங்க, முத்தியால்பேட்டைப் பையன் வெறுங்கையோட வந்தாலும் ஆடணும்.

ஹால்காரங்களே, முகூர்த்தம் இல்லாத ஞாயித்துக்கிழமை சும்மாதானே பூட்டிக் கிடக்கு?