பூநாரைப் படங்களிலிருந்து வெட்டப்படும் மன்னார்

ஒவ்வொரு வருடமும் நவம்பர் தொடங்கி மார்ச் வரை கொழும்பு நண்பர்களின் முகநூல் பக்கங்கள் மன்னார்ப் பூநாரைகளால் நிரம்பிவிடுகின்றன. வெள்ளிக்கிழமை இரவு வெள்ளவத்தையில் வேன் ஏறினால் விடியும்போது மன்னார்ப் பாலத்தடியில் நிற்கலாம். ஞாயிறு இரவு திரும்பி, திங்கட்கிழமை படத்தைப் பதிவேற்றிவிடலாம். நானும் அப்படிப் போய்வந்திருக்கிறேன்.

அந்தப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். நீலத் தண்ணீர் இருக்கும், இளஞ்சிவப்பு இறக்கைகள் இருக்கும். மீன்வாடி இருக்காது, காற்றாலை இருக்காது, வலை இழுக்கும் மனிதர் இருக்கமாட்டார். தப்பித்தவறி உள்ளே வந்துவிட்டாலும் கணினியில் வெட்டிவிடுகிறோம். அழகுக்காகச் செய்கின்ற இந்த வெட்டு, மன்னாரைப் பற்றித் தலைநகரம் பேசும் விதத்திலும் பதிந்துவிட்டது. அதற்கான விலையைப் பறவைகளும் கொடுக்கின்றன, மன்னார் மக்களும் கொடுக்கின்றனர்.

சைபீரியாவிலிருந்து இந்து சமுத்திரம் வரை நீளும் மத்திய ஆசியப் பறவைப் பாதையின் தெற்கு முனையில் இலங்கை இருக்கிறது. இந்தியக் கரையைத் தாண்டி வரும் பறவைகளுக்கு மன்னார் தீவு ஒரு வாசல். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சம்பத் செனவிரத்ன குழுவினர் மன்னாரில் செய்மதிக் கருவி பொருத்திய கடற்காகம் ருஷ்யாவின் ஆர்க்டிக் பகுதிவரை பறந்ததைப் பதிவுசெய்திருக்கிறார்கள். பாலத்துக்குத் தெற்கே பரந்துகிடக்கும் வங்காலைப் பகுதி 2008இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல் 4,839 ஹெக்டயர் பரப்புடன் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

அந்த 2008ஆம் ஆண்டு மன்னாரில் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். யுத்த காலத்தில் வடக்கின் நீர்நிலைகளில் ஒழுங்காகப் பறவை எண்ண எவராலும் முடியவில்லை. 2009இன் பின்னர் வீதி திறந்தது. தெற்கிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் கமராக்கள் வந்தன. ஆனால் வீதியோரத்தில் நின்று நீண்ட லென்ஸைக் கரையை நோக்கித் திருப்புவது எல்லோருக்கும் ஒன்றல்ல. தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டையை நீட்டுகிறவரிடம் இரண்டு கேள்வி அதிகமாகக் கேட்கப்படும். சுற்றுலாப் பயணியின் பொழுதுபோக்கு அந்த ஊர் இளைஞருக்குப் பல வருடங்கள் சந்தேகத்துக்குரிய செயலாகவே இருந்தது. மன்னார்ப் பறவைகளின் படங்கள் பெரும்பாலும் வெளியாரின் படங்களாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பூநாரைகள் எப்போதும் வடக்கில் மட்டும் இருந்தவையல்ல. இலங்கையின் முதலாவது ராம்சார் நிலமான புந்தலவில் ஒருகாலத்தில் அவை பெருங்கூட்டமாக நின்றன. கிரிந்தி ஓயா நீர்ப்பாசனத் திட்டத்தின் வடிகால் நீர் அங்குள்ள களப்புகளுக்குள் இறங்கியது. உப்புத்தன்மை குறைந்தது, பூநாரையின் தீனியும் குறைந்தது, அவை விலகிப்போயின. புந்தலவின் பழைய படங்கள் இன்று ஆவணங்கள். எந்த வருடம், எந்தக் கரை, எத்தனை பறவை என்று அவற்றால் சொல்ல முடியும். அபிவிருத்தி என்ற பெயரில் ஒரு நிலம் எப்படி மாறியது என்பதற்கு அவை சாட்சி.

மன்னாருக்கு இப்போது அந்தச் சாட்சி தேவைப்படுகிறது. 2020 டிசெம்பரில் மின்சார சபையின் தம்பபவனி காற்றாலைப் பண்ணை 30 காற்றாலைகளுடன், 103.5 மெகாவோட் கொள்ளளவுடன் திறக்கப்பட்டது. 2023 பெப்ரவரியில் மன்னாரிலும் பூநகரியிலும் 442 மில்லியன் டொலர் முதலீட்டில் அதானி நிறுவனம் காற்றாலை அமைக்க முதலீட்டுச் சபை அனுமதித்தது. 2024இல் சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் சென்றன. 2025 பெப்ரவரியில் அதானி விலகியது. அரசுடனான இழுபறி மின்சாரத்தின் யூனிட் விலையில் வந்து நின்றபோதே அந்த விலகல் நடந்தது. பறவைக்காகவோ மக்களுக்காகவோ கொள்கை மாறியதாக இதை எடுத்துக்கொள்ள முடியாது. அதே வருடம் ஓகஸ்டில், வேறு இரு காற்றாலைத் திட்டங்களுக்கு எதிராக மன்னார் மக்கள் வீதிக்கு வந்தார்கள். ஜனாதிபதி ஒரு மாதம் வேலையை நிறுத்திவைத்தார். செப்டெம்பர் இறுதியில், இரவில் காற்றாலைப் பாகங்களை ஏற்றிவந்த வாகனங்களை மறித்தவர்கள்மீது பொலிஸார் பலத்தைப் பிரயோகித்தனர்.

இந்த விவாதத்தில் இரண்டு குரல்கள் தனித்தனியே ஒலித்தன. கொழும்பில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், பறவைப் பாதை பற்றிப் பேசப்பட்டது. மன்னாரில், தமிழில், மழை வெள்ளம் வடியாமல் வீடுகளுக்குள் நிற்பதையும், கரைவலைப் பாடுகள் பறிபோவதையும், கனிய மணல் அகழ்வையும் பற்றி மீனவர்களும் குருக்களும் பேசினார்கள். தனித்தனியே ஒலித்த குரல்களுக்குத் தனித்தனியே பதில் சொல்வது அதிகாரத்துக்குச் சுலபம். பறவை என்றால் ராடார் பூட்டி, கூட்டம் வரும்போது விசிறிகளை நிறுத்துவோம் என்பார்கள். வெள்ளம் என்றால் வாய்க்கால் வெட்டித் தருவோம் என்பார்கள். ஒரு சிறிய மணல் தீவு இன்னும் எவ்வளவு தாங்கும் என்ற முழுக் கேள்விக்கு எவரும் பதில் சொல்லவேண்டி வருவதில்லை.

காற்றுமின்சாரம் வேண்டாம் என்பதல்ல என் நிலைப்பாடு. 2030இல் 70 வீத மின்சாரத்தைப் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து பெறுவது நாட்டின் இலக்கு. நிலக்கரிப் புகையும் ஓர் ஊரின்மீதுதான் படிகிறது. ஆனால் எங்கே, எத்தனை, யாருடைய சம்மதத்துடன் என்பதைக் கேட்காமல் அந்த இலக்கை எட்டினால், அதன் சுமை மீண்டும் மன்னார் போன்ற ஊர்களின் தலையில்தான் விழும்.

இங்கேதான் கமராக்காரர்களுக்கு வேலை இருக்கிறது. பூநாரைக் கூட்டத்தின் மேல் ட்ரோன் பறக்கவிட்டு எழுப்புவதை முதலில் நிறுத்த வேண்டும். அந்தப் பறப்புக்குச் செலவாவது அவை திரும்பிப்போகச் சேர்த்த சக்தி. அடுத்து, படத்தோடு திகதியையும் இடத்தையும் எண்ணிக்கையையும் ஈபேர்ட் போன்ற தளங்களில் பதிய வேண்டும். நாளை ஒரு சுற்றாடல் அறிக்கை இங்கே பறவை குறைவு என்று சொன்னால் மறுத்துப்பேச அது உதவும். மன்னார் இளைஞர்களை வழிகாட்டிகளாக அமர்த்திக் கூலி கொடுப்பதும், பழைய லென்ஸ் ஒன்றை அவர்கள் கையில் விட்டுவருவதும் பெரிய செலவல்ல. நாங்கள் வருடத்தில் இரண்டு நாள் பார்க்கும் கரையை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கருக்கு மன்னார் மாவட்டம் என்றால் ஓகஸ்டில் மடுத் திருவிழா. வெள்ளவத்தைக் கமராக்காரருக்கு டிசெம்பரில் பூநாரை. இரண்டு பயணங்களுக்கும் இடைப்பட்ட மாதங்களிலும் அந்த மண்ணில் மனிதர்கள் வாழ்கிறார்கள், வழக்காடுகிறார்கள், அடிவாங்குகிறார்கள். அடுத்த பருவத்தில் படமெடுக்கப் போகிறவர்கள், பூநாரைக்குப் பின்னால் தெரியும் மீன்வாடியையும் காற்றாலையையும் வெட்டாமல் பதிவேற்றட்டும். படத்தின் அழகு சற்றுக் குறையலாம். ஆனால் அந்தக் கரை யாருடையது என்ற கேள்வி படத்துக்குள்ளேயே இருக்கும்.