கேட்காமல் எடுத்த கதை

ஊர் உலகமெல்லாம் படித்து, பார்த்து, அழுது, மறந்தும்விட்ட ஒரு கதை இப்போதுதான் தெப்பக்காட்டுப் பக்கம் என் கைக்கு வந்து சேர்ந்தது. 'ட்விலைட்'. 2005இல் முதல் நாவல், 2008இல் நான்காவது நாவல். 2008 முதல் 2012 வரை ஐந்து திரைப்படங்கள். புத்தகம் 16 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. படங்கள் 300 கோடி டாலருக்கு மேல் வசூலித்திருக்கின்றன. கோயம்புத்தூரில் படிக்கும் அக்கா மகள் லீவுக்கு வந்தபோது நான்கு புத்தகங்களையும் கொண்டுவந்தாள். "சித்தி, இதைக்கூடவா நீ படிக்கல?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் படித்தேன், ஐந்து படங்களையும் பார்த்தேன். அன்றிலிருந்து மனசு ஆறவில்லை.

காதல் கதை மேல் எனக்கு வருத்தம் கிடையாது. பதினேழு வயதுப் பெண் பெல்லா. 1918இல் ஸ்பானிஷ் ஃப்ளூவில் சாகக் கிடந்து, ரத்தக்காட்டேரியாக மாறி, என்றைக்கும் பதினேழு வயதிலேயே நின்றுவிட்ட எட்வர்ட். அந்த வயதில் படிக்கிற பிள்ளைகளை இது ஏன் கட்டிப்போட்டது என்பது நன்றாகவே புரிகிறது. கதை நடக்கிற ஃபோர்க்ஸ் என்ற ஊரும் ஓயாத மழை, பாசி படிந்த மரம், பகலிலும் இருட்டு என்று ஆடி மாதத்துக் கூடலூரைப் போலவே இருக்கிறது. என் ஆதங்கமெல்லாம் அந்தக் கதையில் வரும் மூன்றாவது ஆளைப் பற்றியது. ஓநாயாக மாறுகிற ஜேக்கப். அவனுடைய இனம் குவில்லியூட்.

கற்பனைப் பெயர் என்று நினைத்துப் படித்துக்கொண்டே போனேன். அப்புறம்தான் தெரிந்தது, குவில்லியூட் நிஜமான பழங்குடி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பசிபிக் கடலோரத்தில், லா புஷ் என்ற சின்ன ஊரில் இன்றைக்கும் வாழ்கிறவர்கள். கதாசிரியர் ஸ்டெபனி மேயர், அமெரிக்காவில் அதிகம் மழை பெய்யும் இடம் எது என்று இணையத்தில் தேடி ஃபோர்க்ஸைக் கண்டுபிடித்தார். நாவலை எழுதும்போது அந்த ஊரை அவர் பார்த்ததுகூட இல்லை. ஃபோர்க்ஸுக்குப் பக்கத்தில் லா புஷ் இருந்தது. அந்த மக்களுக்கு, தங்கள் முன்னோர் ஓநாயிலிருந்து மனிதராக மாற்றப்பட்டவர்கள் என்று ஒரு தொல்கதை இருந்தது. அதை எடுத்துக்கொண்டார். ரத்தக்காட்டேரியோடு பகை, எல்லை உடன்படிக்கை எல்லாம் அவரே சேர்த்துக்கொண்டவை. குவில்லியூட் மக்களின் கதையில் ரத்தம் குடிக்கிறவர்கள் யாரும் கிடையாது.

எடுத்ததோடு விட்டாரா? காட்டேரிக் குடும்பத்தைப் பாருங்கள். அப்பா டாக்டர். கண்ணாடி வைத்த மாளிகை, விலையுயர்ந்த கார்கள், பியானோ. ரத்தத்தைப் பார்த்தாலும் அடக்கிக்கொள்ளும் பண்பு. ஓநாய்க் கூட்டத்தைப் பாருங்கள். சட்டை போடாத பையன்கள். கோபம் வந்தால் அடக்கத் தெரியாது. அவர்களில் ஒருவன் தான் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணின் முகத்தையே கிழித்துவிடுகிறான். இன்னொருவன் மனசு இரண்டு வயதுக் குழந்தையோடு பிணைந்துபோகிறது. வளர்ந்ததும் அவள் அவனுக்குத்தானாம். இவ்வளவையும் ஒரு கற்பனை இனத்தின் மேல் எழுதியிருந்தால் கதை என்று கடந்துபோயிருப்பேன். உயிரோடிருக்கிற, பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகளின் இனப்பெயரை வைத்து எழுதியதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அந்தப் பிள்ளை வெளியூர் போனால் முதல் கேள்வி என்னவாக இருக்கும்?

அவர்களுடைய நிஜக் கதை நாவலைவிடக் கனமானது. 1889இல் அவர்கள் தோட்டக் கூலி வேலைக்கு வெளியூர் போயிருந்த நேரத்தில், நிலத்துக்கு ஆசைப்பட்ட ஒரு வெள்ளைக் குடியேறி லா புஷ் வீடுகளுக்குத் தீ வைத்துவிட்டார். முன்னோர் செய்து வைத்திருந்த முகமூடிகளும் கூடைகளும் வேட்டைக் கருவிகளும் சாம்பலாயின. அதே ஆண்டு அரசு அவர்களுக்கென்று ஒதுக்கியது வெறும் ஒரு சதுர மைல். கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே, சுனாமி வந்தால் பள்ளிக்கூடமே போய்விடும் என்ற தாழ்நிலம். மேட்டு நிலத்துக்காகப் பல ஆண்டுகள் போராடினார்கள். 2012 பிப்ரவரியில்தான், பக்கத்துத் தேசியப் பூங்காவிலிருந்து ஏறத்தாழ 785 ஏக்கரை அவர்களுக்குத் திருப்பித் தரும் சட்டம் வந்தது. அதே 2012இல்தான் கடைசி ட்விலைட் படமும் வெளிவந்தது. மேட்டில் கட்டிய புதுப் பள்ளிக்கூடம் திறக்க 2022 ஆகிவிட்டது.

சரி, படப்பிடிப்பாவது அங்கே நடந்ததா என்றால் அதுவும் இல்லை. முதல் படத்தில் லா புஷ் என்று வருவது ஓரிகன் மாநிலத்துக் கடற்கரை. ஓநாய்க் கூட்டத்தில் நடித்தவர்களில் பெரும்பாலோர் வேறு பழங்குடிகளைச் சேர்ந்தவர்கள். குவில்லியூட் பெயரை வைத்து நகையும் சட்டையும் விற்றவர்கள் யார் யாரோ. ஏஞ்சலா ரைலி என்ற சட்டப் பேராசிரியர், அவரும் ஒரு பூர்வகுடிப் பெண், 2010இல் நியூயார்க் டைம்ஸில் இதைப் பற்றி மனம் நொந்து எழுதினார். லா புஷ் இடுகாட்டை அனுமதி கேட்காமலே படம் பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். இத்தனைக்கும் அந்த மக்கள் தேடிவந்த ரசிகர்களை முகம் சுளிக்காமல் வரவேற்றார்கள். தங்கள் உண்மையான ஓநாய்க் கதையைச் சொல்ல, சியாட்டில் அருங்காட்சியகத்தில் கண்காட்சியும் வைத்தார்கள். தன்னுடைய கதை தன்னுடையதுதான் என்று ஓர் இனம் கண்காட்சி வைத்து நிரூபிக்க வேண்டியிருக்கிறதே!

இதைப் படிக்கும்போது லா புஷ் எனக்குத் தூரத்து ஊராகத் தெரியவில்லை. மாயாற்றங்கரையில், மைசூர்ச் சாலை மசினகுடிக்கும் கூடலூருக்கும் பிரிகிற இடத்தில் இருக்கிறது தெப்பக்காடு யானை முகாம். அங்கே மாவுத்தாகவும், மாவுத்துக்கு உதவும் காவடியாகவும் தலைமுறை தலைமுறையாக யானை பார்ப்பவர்கள் பெட்டக்குறும்பரும் காட்டுநாயக்கரும். நான் அவர்களில் ஒருத்தி இல்லை, பக்கத்து ஊர்க்காரி. ஆனால் அவர்கள் பிள்ளைகளோடு ஒரே பஸ்ஸில் போய் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படித்தவள். காட்டுவாசி என்றால் இலைப் பாவாடை, தலையில் இறகு, பொருளில்லாத ஒரு பாஷை என்று தமிழ் சினிமா எத்தனை வருடம் காட்டியது! அப்படி ஒரு காட்சி வந்தால் மறுநாள் வகுப்பில் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அந்தக் காலம் மாறுகிறது என்ற நம்பிக்கையைக் கொடுத்தது 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படம். தெப்பக்காட்டில் யானைக்குட்டிகளை வளர்த்த பொம்மனும் பெள்ளியும் அதில் தங்கள் சொந்தப் பெயரிலேயே, தங்கள் பேச்சிலேயே வந்தார்கள். தாயைப் பிரிந்த குட்டிகளான ரகுவையும் அம்முவையும் அவர்கள் வளர்த்த விதத்தை உலகம் பார்த்தது. 2023 மார்ச்சில் ஆஸ்கர் கிடைத்தபோது எங்கள் ஊரே பூரித்தது. தமிழக அரசு தெப்பக்காடு, கோழிகமுத்தி முகாம்களின் ஊழியர்கள் 91 பேருக்குத் தலா ஒரு லட்சமும், அவர்களுக்கு வீடு கட்ட 9 கோடியே 10 லட்சமும் அறிவித்தது. பெள்ளிக்குக் காவடி வேலை கிடைத்தது. நல்லதே நடந்தது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில், தங்களுக்குச் சொன்ன உதவி வந்து சேரவில்லை என்று இருவரும் வெளிப்படையாகப் புகார் சொன்னார்கள். படக்குழு அதை மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. காட்டுக்குள் கேமரா நுழையும் முன்பே, அவர்களுக்குப் புரிகிற பேச்சில், சாட்சி வைத்து, எழுத்தில் எல்லாம் பேசி முடிக்கும் வழக்கம் இந்த நாட்டில் வேரூன்றியிருந்தால், இப்படி ஒரு சங்கடம் இரண்டு தரப்புக்குமே வந்திருக்காது.

அப்படி ஒரு வழக்கம் முடியாத காரியம் இல்லை. அகத்தியமலைக் காணிக்காரர்கள் களைப்புப் போக்கும் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையைக் காட்டிக்கொடுத்தார்கள். திருவனந்தபுரத்து ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து மருந்து செய்து 1990களில் உரிமத்தை விற்றபோது, உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதியைக் காணிக்காரர்களுக்கே ஒதுக்கியது. அந்தப் பணத்துக்காக அவர்கள் ஓர் அறக்கட்டளையும் வைத்தார்கள். 2002இல் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்து, இப்படிப் பங்கு கொடுப்பதை விதியாகவே ஆக்கியது. பச்சிலையைப் பற்றிய அறிவுக்குப் பங்கு உண்டு என்று சட்டம் ஒத்துக்கொள்கிறது. அந்தப் பச்சிலையைக் காட்டிய இனத்துப் பாட்டி சொன்ன கதைக்கு மட்டும் ஏன் இல்லை? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் எழுதியவருக்குத்தான் உரிமை தருகிறது. ஓர் இனமே வாய்வழியாகக் காத்துவந்த கதையை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பெயர் போட்டுக்கொள்ளலாம்.

எழுதுகிறவர்கள் கையைக் கட்டிப்போடச் சொல்லவில்லை. கற்பனை வேண்டும். காடும் மழையும் காதலும் பேயும் எல்லாருக்கும் பொது. உயிரோடிருக்கிற ஓர் இனத்தின் பெயரையும் அதன் பிறப்புக் கதையையும் எடுக்கும்போது மட்டும் அவர்கள் வாசலில் போய் நிற்க வேண்டும். கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். சரி என்றால், எழுதியதை முதலில் அவர்களுக்குப் படித்துக்காட்ட வேண்டும். வருகிற பணத்தில் பங்கு கொடுக்க வேண்டும். இதில் எது கஷ்டம்?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பதினைந்து வயதுக் காட்டுநாயக்கர் பெண் ஒருத்தி நூலகத்துக்குப் போனால், அவளைப் போன்ற ஒரு பெண் நாயகியாக வரும் நாவல் என்று எதை எடுத்து அவள் கையில் கொடுப்பது? ஃபோர்க்ஸ் ஊர்ப் பெண்ணின் காதல் உலகம் சுற்றி எங்கள் மலைக்கே வந்துவிட்டது. இந்த மலைப் பெண்ணின் கதை அடுத்த ஊருக்குக்கூடப் போகவில்லை. அதை எழுதவேண்டியது வெளியிலிருந்து வரும் நாங்களோ நீங்களோ இல்லை, அவள்தான். அவளுக்கு வேண்டியது நல்ல பள்ளிக்கூடம், படிக்கப் புத்தகம், எழுதினால் திருத்திக்கொடுக்க ஓர் ஆசிரியர், அச்சில் கொண்டுவர ஒரு பதிப்பாளர். அரசும் பதிப்பகங்களும் நினைத்தால் இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கிவிடக்கூடிய வேலை இது. தொடங்குங்கள். வேறு யாரோ வந்து அவள் கதையை எடுத்துக்கொண்டு போவதற்கு முன்பே தொடங்குங்கள்.