அடுக்குமாடியில் ஹோம் ப்ரூ, காலனியில் ஊறல் வழக்கு

சென்னை ஓஎம்ஆர் சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் 14ஆவது மாடியில் என் நண்பர் வீட்டிலேயே பீர் தயாரிக்கிறார். விற்பதற்கு அல்ல, வார இறுதிப் பொழுதுபோக்கு. பொங்கலுக்கு நான் கூடலூர் போயிருந்தபோது போன் செய்தார். "வரும்போது நாலு கிலோ பன்னீர் திராட்சை வாங்கிட்டு வா. இந்தத் தடவை திராட்சை பீர் போட்டுப் பார்க்கலாம்" என்றார். எங்கள் கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததையும் அவர்தான் உற்சாகமாகச் சொன்னார். அந்தத் திராட்சைப் பந்தல்களுக்குக் கீழே அண்ணாந்து நின்று கவாத்து வெட்டியும் பழம் பறித்தும் கூலி வாங்கிய குடும்பம் என்னுடையது. திராட்சையை வாங்கிக்கொண்டு போனேன்.

அவர் வேலை செய்வதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. 20 லிட்டர் பீருக்கு நாலரை கிலோ மால்ட். மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. அதை ஒன்றிரண்டாக உடைத்து, 67 டிகிரி சூட்டில் நிற்கும் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறார். முளையில் இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. இனிப்பான அந்தச் சாற்றை வடித்து, இன்னொரு மணி நேரம் கொதிக்கவிட்டு, கசப்புக்கும் மணத்துக்கும் 30 கிராம் ஹாப்ஸ் பூவைப் போடுகிறார். வேகமாக ஆற்றி, 20 டிகிரிக்கு வந்ததும் ஒரு பாக்கெட் ஈஸ்ட். உள்ளே உண்டாகும் வாயு வெளியே போகவும், வெளிக்காற்று உள்ளே வராமலும் பார்த்துக்கொள்ள மூடியில் ஏர்லாக் என்ற சிறு குழாய். ஏசி அறையில் இரண்டு வாரம். ஹைட்ரோமீட்டர் 1.050இல் இருந்து 1.010 அருகே இறங்கினால் சர்க்கரை சாராயச்சத்தாக மாறிவிட்டது என்று பொருள். ஏறக்குறைய 5 சதவீதம். பிறகு லிட்டருக்கு ஆறு கிராம் சர்க்கரை சேர்த்துப் பாட்டிலில் அடைத்தால் நுரை வரும். திராட்சை சேர்ப்பதானால் முதல் நொதிப்பு அடங்கிய பிறகு.

"இது சட்டப்படி சரியா?" என்று கேட்டேன்.

சிரித்தார். "தெரியலடா. பதினாலாவது மாடிக்கு யார் வந்து பார்க்கப் போறா?"

சட்டப்படி சரியில்லை, தோழர்களே. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937 என்ற ஒரே சட்டம்தான் ஓஎம்ஆருக்கும் கூடலூருக்கும். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது அதன் 4ஆம் பிரிவின்படி குற்றம். சட்டம் சொல்லும் மது என்பதில் பீரும் கள்ளும் ஒயினும் அடக்கம். 'சொந்தத் தேவைக்கு' என்றோ 'பொழுதுபோக்குக்கு' என்றோ விலக்கு கிடையாது. ஆனால் அடுக்குமாடிகளில் மதுவிலக்கு வேட்டை நடந்ததாக நான் ஒரு செய்திகூடப் படித்ததில்லை. எங்கள் காலனியில் நடந்த வேட்டையின் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

தேனி, மதுரை மாவட்டத்திலிருந்து பிரியாத காலம் அது. மழை அடித்தால் திராட்சை வெடித்துக் குலையிலிருந்து உதிரும். வியாபாரி அதை எடுக்க மாட்டார். தோட்டக்காரர் 'அள்ளிட்டுப் போங்க' என்பார். அப்படி அள்ளிவந்த பழத்தை என் அம்மாவின் அப்பா பிசைந்து, வெல்லம் தட்டிப் போட்டு, மண்பானையில் வேடுகட்டி வைப்பார். திராட்சையின் தோலிலேயே ஈஸ்ட் இருப்பதால் தனியாக எதுவும் வேண்டாம். பத்துப் பன்னிரண்டு நாளில் குடிக்கப் பதமாகிவிடும். கோயில் கும்பிடுக்கு நாலைந்து பங்காளிகள் சேர்ந்து குடிப்பார்கள். அவ்வளவுதான். வீட்டில் அடுப்பேற்றிக் காய்ச்சி வடிக்கிற சாமான் எதுவும் இருந்ததில்லை.

ஒரு விடிகாலையில் போலீஸ் வந்தது. பானையை உடைத்தார்கள். பத்து லிட்டர்கூடப் பிடிக்காத பானை, வழக்கில் '50 லிட்டர் சாராய ஊறல்' ஆனது. பதினைந்து நாள் சிறை. குற்றத்தை ஒத்துக்கொண்டால் அபராதத்தோடு முடியும் என்றார்கள், ஒத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஊரில் எந்த வேட்டை என்றாலும் முதலில் தட்டப்பட்டது எங்கள் கதவுதான். அபராதத்துக்கு அம்மாச்சியின் தோடு அடகுக்குப் போனது. எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த அம்மா, மற்ற பெண்களோடு ஜீப்பில் ஏறிக் குமுளிக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போகத் தொடங்கினார். இன்றும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்.

சொற்களைக் கவனியுங்கள். நண்பரின் பாத்திரத்தில் இருப்பது 'ப்ரூ'. தாத்தாவின் பானையில் இருந்தது 'ஊறல்'. இரண்டிலும் ஈஸ்ட் செய்யும் வேலை ஒன்றே: சர்க்கரையைத் தின்று சாராயச்சத்தையும் வாயுவையும் தள்ளுவது. நண்பர் தன் பானையைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போடுகிறார். தாத்தாவின் பானை நீதிமன்றக் கோப்பில் இருக்கிறது. நண்பர் கெட்டவர் இல்லை, தான் பாதுகாப்பாக இருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. எந்தத் தெருவில் குற்றத்தைத் தேடுவது என்று தீர்மானிப்பதில் சாதிக்குப் பங்கு உண்டு. அந்தத் தேடல் தன் வாசலுக்கு ஒருபோதும் வராது என்ற நிம்மதியை அவர் பிறக்கும்போதே பெற்றுவிட்டார்.

வீட்டில் பீர் தயாரிப்பதை மேற்கத்தியக் கலை என்று நினைப்பவர்கள் பெரும்பாணாற்றுப்படையைப் பிரித்துப் பார்க்கலாம். தீட்டாத அரிசியைக் களியாகக் கிண்டி, அகன்ற தட்டில் ஆறவைத்து, இடித்த முளைதானியத்தைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு வடிக்கும் முறையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் படிப்படியாகச் சொல்கிறார். முளைதானியம் சேர்ப்பதால் இது கிட்டத்தட்ட பீர்தான். இதைச் செய்பவர்கள் மன்னர்கள் இல்லை, மீன்பிடிக்கும் வலைஞர் குடியிருப்பு மக்கள். வீட்டில் ஆக்கிய கள்ளுக்கு 'இல்லடு கள்' என்று அதே நூலில் பெயரும் உண்டு. உழைக்கும் மக்களின் சமையலறை அறிவு அது. அந்த அறிவைக் குற்றமாக்கிய பிறகு, அதையே பார்சலில் வந்த கிட்டாக நமக்குத் திருப்பி விற்கிறார்கள்.

இன்றைய சட்டத்தின் வேர் ராஜாஜி ஆட்சியில் இருக்கிறது. 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியது. பிறகு எத்தனையோ முறை தளர்த்தினார்கள், இறுக்கினார்கள். 1987 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. 2003இல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில் வந்தது. இன்று அதன் மூலம் அரசுக்கு ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம். அதாவது இந்த மாநிலத்தில் மது தடைசெய்யப்படவில்லை. ஏழை தன் கையால் செய்யும் மதுதான் தடைசெய்யப்பட்டிருக்கிறது. கூடலூரிலிருந்து லோயர் கேம்ப் தாண்டி மலையேறிக் குமுளிக்குப் போனால் கள்ளுக்கடையில் உட்கார்ந்து கப்பையும் மீனும் வைத்துக் கள் குடிக்கலாம்; மலையிறங்கினால் அதே கள் குற்றம். அதே கேரளம் 2022இல் பழங்களிலிருந்து வீரியம் குறைந்த மது தயாரிக்கச் சிறு உற்பத்தியாளர்களுக்கு உரிமம் தரும் விதிகளையும் கொண்டுவந்தது. நம் பக்கத்தில் 1982இன் குண்டர் சட்டம், விசாரணை இல்லாமல் ஓராண்டுவரை உள்ளே வைக்கக்கூடியவர்களின் பட்டியலைக் கள்ளச்சாராயக்காரர்களிடமிருந்துதான் தொடங்குகிறது.

இந்த இடத்தில் நம் தோழர்கள் பலர் தயங்குவார்கள். குடி நம் குடும்பங்களை அழித்தது உண்மை இல்லையா? உண்மைதான். மதுவிலக்குப் பிரச்சாரத்துக்காகத் தன் தோப்பின் தென்னைகளை வெட்டிச் சாய்த்த பெரியாரே, பின்னாளில் மதுவிலக்குச் சட்டத்தை எதிர்த்தார் என்பதும் உண்மை. 1951இல் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் தேர்தல் அறிக்கையில் அம்பேத்கரும் மதுவிலக்கைக் கடுமையாக எதிர்த்தார். அரசின் வருமானத்தை அது வீணாக்குகிறது என்பது அவருடைய ஒரு வாதம். இன்னொன்று எனக்கு நெருடலானது. மதுவிலக்கால் சாராயம் வீட்டுத் தொழிலாகிவிட்டது, பெண்கள், குழந்தைகளின் கண்ணெதிரே தயாராகிறது, அவர்களும் குடிக்கப் பழகுகிறார்கள் என்றார். வீட்டுப் பானைக்காகப் பேசும் நான் இதைத் தாண்டிப் போக முடியாது. அவர் குற்றம் சொன்னது வீட்டுக்குள் ஒளிந்து செய்யவைத்த தடையை. ஆனாலும் வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் பற்றிய அவருடைய கவலை இன்றும் செல்லும். எனவே வீட்டுக்கு வீடு மது வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு பானைக்காக ஒரு குடும்பத்தைத் தண்டிக்காதே என்று மட்டும்தான் கேட்கிறேன்.

'வீட்டில் செய்வதால்தானே செத்துப்போகிறார்கள்' என்பது அடுத்த கேள்வி. 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பம் என்ற மீனவர் கிராமம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். 60 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலானோர் தலித்துகள். அவர்களைக் கொன்றது நொதித்த பழமோ தானியமோ இல்லை, மெத்தனால். அது தொழிற்சாலைகளுக்கான ரசாயனம். களவாக வெளியே வந்து சாராயம் என்ற பெயரில் விற்கப்படுகிறது. பீர், கள், திராட்சை மது போன்று வடிக்காமல் நொதிக்கவைக்கும் பானங்களில் மெத்தனால் உயிரைப் பறிக்கும் அளவுக்கு உண்டாவதில்லை. ஆலையிலிருந்து கருணாபுரம்வரை மெத்தனால் வந்த பாதையைக் காவல் காப்பது கடினம். காலனியில் பானை உடைப்பது சுலபம். கருணாபுரத்துக்குப் பிறகு சட்டத்தைத் திருத்தித் தண்டனையை ஆயுள்வரை கூட்டினார்கள். விற்றுக் கொல்பவனுக்கு அது பொருந்தட்டும். பானை வைத்திருப்பவனையும் கொலைகாரனையும் ஒரே பெயரால் அழைப்பதை முதலில் நிறுத்த வேண்டும்.

வேறு இடங்களில் இதைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், வீட்டுத் தேவைக்கு அளவோடு பீர் தயாரிப்பதை வரியிலிருந்து விடுவித்தது. வடிப்பதற்கான தடை அப்படியே இருந்தது. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கரில் பழங்குடி மக்கள் வீட்டுத் தேவைக்கு அளவோடு மது தயாரிக்கச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. அசாமின் திமாசா மக்களுடைய 'ஜூதிமா' அரிசி பீருக்கு 2021இல் புவிசார் குறியீடே கிடைத்தது. எங்கள் திராட்சைக்கும் அதே குறியீடு இருக்கிறது. அதைப் பானையில் போட்டால் மட்டும் வழக்கு.

ஆகவே கோரிக்கைகள் எளிமையானவை. வடிக்காத, விற்காத, அளவு வரையறுத்த வீட்டு நொதிப்பைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். அதுபோன்ற பழைய வழக்குகளால் 'பழைய குற்றவாளி' ஆனவர்களின் பெயர்களைக் காவல் நிலையப் பதிவேடுகளிலிருந்து அழிக்க வேண்டும். மெத்தனாலை ஆலை வாசலிலிருந்து கடைசி லிட்டர்வரை கணக்கெடுக்க வேண்டும்.

நண்பரின் பீர் பற்றி அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்குக் குடி என்றாலே ஆகாது. "படிச்சவய்ங்களுக்கு வேற வேலை இல்லையாக்கும்" என்று திட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "அவுக வீட்டுக்குப் போலீசு வரலையாடா?" என்று கேட்டார்.

வரவில்லை என்றேன்.

"அப்பறம் எங்கய்யா பானையில மட்டும் அப்பிடி என்னடா இருந்துச்சு?"

எட்டாம் வகுப்போடு நின்றுபோன என் அம்மாவின் இந்தக் கேள்விக்குச் சட்டமன்றம்தான் பதில் சொல்ல வேண்டும்.