பார்த்ததற்கும் கூலி கொடுப்போம்



நம்மட ஊரில் வாகனம் நிறுத்தும் இடங்களைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். பள்ளிவாசல் முன்னால், பாடசாலை கேற்றடியில், வீட்டு முற்றத்தில் எல்லாம் கறுப்புப் பொட்டுகள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பவும் வழி திறந்தது. திறந்தும் என்ன, விலை நம்மைப் போன்ற சம்பளக்காரருக்கு எட்டவில்லை. பழையதையே ஓட்டுகிறோம். வருடக்கணக்கில் சூட்டில் கிடந்த ரப்பர் இறுகும், வெடிக்கும், ஒயில் கசியும். அதில் புதினமில்லை. அந்தக் கசிவை நாம் கையாளும் விதத்தில்தான் பிழை இருக்கிறது.

எங்கள் காரிலும் கசிவு வந்தது. எஞ்சினும் கியர்பொக்ஸும் சேருமிடத்துக்குக் கீழே சொட்டியது. ஒரு கராஜில் காட்டினோம். ஐந்து நிமிடம் குனிந்து பார்த்துவிட்டு, "பின் சீல் போயிட்டு சேர், கியர்பொக்ஸ் இறக்கணும்" என்றார்கள். சொன்ன தொகை ஒரு மாதச் சம்பளம். யோசித்துச் சொல்வதாக வந்துவிட்டோம்.

பிறகு வேறொரு பாஸிடம் போனோம். அவர் ஸ்பெனரை எடுக்கவில்லை, துணியை எடுத்தார். ஆறிய எஞ்சினைத் துடைத்து, கழுவி, காயவைத்து, "நிந்தவூர் மட்டும் ஓடிட்டு வாங்க சேர்" என்றார். திரும்பி வந்ததும் டோர்ச் அடித்துப் பார்த்தார். மேலே டப்பட் கவரின் பின்பக்கத்தில் புது ஈரம். அது எஞ்சினின் முதுகு வழியே வழிந்து கீழே சொட்டியிருக்கிறது. ஒரு கேஸ்கட் மாற்றியதோடு வேலை முடிந்தது.

முதலாவது கராஜ்காரரை நாங்கள் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல வரவில்லை. அவர் சொன்ன இடத்திலும் கசிவது உண்டு. ஆனால் ஒயில் எப்போதும் கீழேதான் வழியும். ஓடும்போது காற்று அதைப் பின்னுக்கும் தள்ளும். ஆகவே சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. ஈரத்தில் மிக மேலே, மிக முன்னே இருப்பதைத் தேட வேண்டும். துடைக்காமல் அதைக் காண முடியாது.

கராஜுக்குப் போகுமுன் நாமே செய்யக்கூடியவையும் உண்டு. இரவில் காருக்குக் கீழே ஒரு கார்ட்போர்ட் மட்டையைப் போடுங்கள். கறுப்பு அல்லது மண்ணிறம் என்றால் பெரும்பாலும் எஞ்சின் ஒயில். சிவப்பு என்றால் கியர் அல்லது பவர் ஸ்டியரிங் ஒயிலாக இருக்கலாம். வெறும் தண்ணீர் என்றால் ஏசித் தண்ணீர், பயப்படத் தேவையில்லை. சில்லுக்குப் பக்கத்தில் ஒயில் போல ஈரம் கண்டால் பிரேக் ஒயிலாக இருக்கலாம். பார்க்கும் வரை காரை எடுக்கவே வேண்டாம். சமதரையில், எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். கடைசியாக ஒயில் மாற்றிய பிறகுதான் கசிகிறதா? அப்படியானால் ஒயில் ஃபில்டரையும் ட்ரெயின் நட்டின் வொஷரையும் முதலில் சந்தேகியுங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கிடக்க, அதன்மேல் புதியதைப் பூட்டிவிடுவதும் நடக்கிறது. பிசிவி வால்வு அடைபட்டால் உள்ளே அமுக்கம் கூடி நல்ல சீலையும் கசியவைக்கும். அதைப் பார்க்காமல் சீல் மாற்றினால் புதுச் சீலும் கசியலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஓடும்போது ஒயில் சிவப்பு லைட் எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

இனி நாங்கள் சொல்லவந்த விசயம். டொக்டர் நாடி பிடித்து, "ஒன்றுமில்லை, போங்க" என்றாலும் காசு கொடுக்கிறோம். பாஸிடம் மட்டும், "சும்மா ஒருக்காப் பாருங்க" என்கிறோம். அரை மணி நேரம் எண்ணெயில் படுத்து எழும்புகிறவருக்கு ஒரு தேநீரோடு சரி. பாட்ஸ் மாற்றினால்தான் கூலி என்று ஆக்கியது யார்? நாம்தான். பிறகு "எல்லாத்தையும் கழற்றச் சொல்றான்" என்று கடைத்தெருவில் நாமே குறை சொல்கிறோம். விடைத்தாளை வாசிக்காமல் புள்ளி போட்டால் எங்களை விடுவீர்களா? வாசிக்க நேரம் வேண்டும், நேரத்துக்குக் கூலி வேண்டும். துடைத்துப் பார்க்க எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். கசியும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய கேஸ்கட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். நல்ல பாஸ் இதற்குக் கோபப்பட மாட்டார்.

"சின்னக் கசிவுதானே, ஊற்றி ஊற்றி ஓடுவோம்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம்முடையது கடற்கரை மணல் பூமி. ஊற்றும் ஒயில் மணலில் இறங்கும், கிணறுகளும் அதே மணலில்தான் இருக்கின்றன. மாரி மழை தொடங்கினால் றோட்டில் கிடக்கும் ஒயில் தண்ணீரோடு படலமாகும். அதில் வழுக்குவது கார்க்காரர் அல்ல, பிள்ளையைப் பின்னால் ஏற்றிவரும் மோட்டார் சைக்கிள்காரர். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதன் நன்மையை மதரசாவில் ஓதிவிட்டு, நாமே பாதையில் ஒயிலைப் போட்டுக்கொண்டு போகலாமா?

இன்றிரவே ஒரு மட்டையைப் போடுங்கள். சுபஹுக்குப் போகும்போது எடுத்துப் பாருங்கள். கறை இருந்தால் இந்தக் கிழமையே துடைத்துப் பார்க்கிற ஒரு பாஸிடம் போங்கள். பார்த்ததற்கும் கூலி கொடுங்கள்.

அல்லாஹ் நம் உழைப்பிலும் கொடுக்கல் வாங்கலிலும் பறக்கத் செய்வானாக.