சாவி மட்டும் போதுமா?

"கவர்மெண்ட் வீடு கொடுத்தாலும் வேணாங்கிறாங்களே, என்ன ஜனங்க இவங்க?"

பஸ்ஸிலும் டீக்கடையிலும் அடிபடும் பேச்சு இது. இதில் பாதிதான் உண்மை.

வீடு வேண்டாம் என்று எந்த ஏழையும் சொல்லவில்லை. "பிழைப்பு இல்லாத இடத்துல வீடு எதுக்கு?" என்றுதான் கேட்கிறார்கள்.

1970-ல் குடிசை மாற்று வாரியம் பிறந்தது. நொச்சிக்குப்பத்து மீனவர்களுக்குக் கடற்கரையிலேயே மாடி வீடு எழும்பியது. கண்ணெதிரே கடல், கையெட்டும் தூரத்தில் வலை. தொழில் கெடவில்லை.

2000-க்குப் பிறகோ கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று வீடுகள் ஊரைத் தாண்டிப் போய்விட்டன. 2015 பெருவெள்ளத்துக்குப் பின் கூவம், அடையாறு கரைவாசிகள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். ஆற்றங்கரை ஆபத்துதான், மறுக்கவில்லை. ஆனால் சிந்தாதிரிப்பேட்டையில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்த பெண், 20 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் வந்து போனால் கையில் என்ன மிஞ்சும்? பழைய பேட்டையில் அண்ணாச்சி கடையில் கடன் சொல்லலாம். புது இடத்தில் முகம் தெரிந்தவர் யார்? எட்டு மாடிக் கட்டடத்தில் லிப்ட் நின்றுபோனால் கிழவி தண்ணீர்க் குடத்தோடு எப்படி ஏறுவாள்?

ஊருக்குள்ளேயே கட்டினால் மட்டும் நிம்மதியா? 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பில் கை வைத்தாலே சுவர்ப் பூச்சு உதிர்ந்தது. சட்டசபை வரை பேச்சு போனது. அதே ஆண்டு டிசம்பர் 27-ல் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் சரிந்தன. விரிசலைப் பார்த்து ஜனங்களே வெளியே ஓடி வந்ததால் உயிர்கள் தப்பின. காப்பாற்றியது கட்டடம் அல்ல, அவர்கள் கண்தான்!

வாரியத்துக்கு 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று புதுப் பெயர் வந்தது. பெயர் மாறியது சரி. நடைமுறையும் மாற வேண்டாமா?

மக்கள் கேட்பது மூன்றே மூன்றுதான். முடிந்தவரை இருக்கிற வட்டாரத்திலேயே கட்டுங்கள். வெளியே அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் பஸ், பள்ளிக்கூடம், ரேஷன் கடை முதலில் போகட்டும். ஜனங்கள் பிறகு போகட்டும். சாவி கொடுக்கும் முன் குடியேறப் போகிறவர்களையே கூட்டிப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வரிப்பணத்தில் கட்டுகிற வீடு இது. அதில் ஜனங்கள் குடியிருந்தால்தான் வீடு. பூட்டிக் கிடந்தால் வெறும் செங்கல்!

அதிகாரிகள் யோசிப்பார்களா?