இலைச் சாற்றில் உலோகப் பொடி! கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

விழுப்புரம் மாவட்டத்தில், ஆரோவில்லை ஒட்டி இருக்கிறது குயிலாப்பாளையம். அங்கே மண் நல்ல சிவப்பு. மழை பெய்தால் ஓடுகிற தண்ணீரும் சிவப்பு. வேட்டியில் பட்டால் கறை லேசில் போகாது.

அந்தச் சிவப்பைக் கொடுத்தது எது தெரியுமா? இரும்பு! இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்தால் இரும்பு ஆக்சைடு. ஆணியில் பிடிக்கும் துருவும் அந்த இனம்தான்.

துத்தநாகத்துக்கும் இப்படி ஓர் ஆக்சைடு உண்டு. அது வெள்ளை. அரிப்புக்குத் தடவுகிறோமே காலமைன் லோஷன், அதில் இருப்பது துத்தநாக ஆக்சைடு. அதன் ரோஸ் நிறத்துக்குக் காரணம், கூடவே சேர்த்த கொஞ்சம் இரும்பு ஆக்சைடு.

இந்த ஆக்சைடுகளைத் தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பொடியாக்கினால், அதற்கு "நானோ துகள்" என்று பெயர். கிருமியைக் கொல்லும். தண்ணீரில் உள்ள நஞ்சைப் பிடிக்கும்.

வழக்கமாக இதைச் செய்யக் காஸ்டிக் சோடா போன்ற மருந்துகள் வேண்டும். அதற்குப் பதிலாக இலைச் சாற்றைக் கொண்டு செய்யலாம் என்று கண்டார்கள். கோவை, உடுமலைப்பேட்டை ஆராய்ச்சியாளர்கள் சோற்றுக் கற்றாழையை வைத்துச் செய்து 2011-ல் வெளியிட்டார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா? வேப்பிலை, முருங்கை, மருதாணி என்று எந்த இலையையும் விடவில்லை!

கஷாயம் மாதிரிதான்

இலையைக் கழுவித் தண்ணீரில் காய்ச்சுகிறார்கள். வடிகட்டி, துத்தநாக நைட்ரேட் என்ற உப்பைக் கலக்கிச் சூடாக்குகிறார்கள். இலையிலுள்ள துவர்ப்புச் சத்து, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகாமல் தடுக்கிறது. அடியில் படிந்ததைக் கழுவி எடுத்து, உலையில் சுடுகிறார்கள். பொடி தயார்.

நம் சித்த வைத்தியருக்கு இது புதிதல்ல. மூலிகைச் சாறு விட்டு உலோகத்தை அரைப்பார். வறட்டி அடுக்கிப் புடம் போடுவார். பற்பம், செந்தூரம் எல்லாம் இப்படி வந்தவைதான். துத்தநாக பஸ்மத்தை ஆராய்ந்தவர்கள், அதில் நானோ துகள் இருப்பதாக 2009-ல் எழுதினார்கள்.

நல்ல சங்கதிதான். ஆனால் "பச்சை முறை" என்று பெயர் வைத்துவிட்டால் எல்லாம் பச்சை ஆகிவிடுமா?

இலை மரத்தில் விளைகிறது, சரி. உப்பு தொழிற்சாலையில் அல்லவா விளைகிறது! நைட்ரேட்டைச் சுடும்போது நைட்ரஜன் டை ஆக்சைடு என்ற பழுப்புப் புகை வரும். நெஞ்சுக்கு ஆகாது. உலைக்கு மின்சாரம் வேண்டும். பொடியைக் கழுவிய தண்ணீரில் துத்தநாகம் மிச்சம் இருக்கும். அது ஏரியில் கலந்தால் பாசிக்கும் மீனுக்கும் கேடு. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இலையின் பெருமை பக்கம் பக்கமாக வருகிறது. இந்தத் தண்ணீரைப் பற்றி எத்தனை பேர் எழுதுகிறார்கள்?

இன்னொன்று. சித்திரையில் பறித்த இலையும் ஐப்பசியில் பறித்த இலையும் ஒன்றா? சாறு மாறினால் பொடியும் மாறும். இலையே இல்லாமல் ஒரு தடவை, இலையோடு ஒரு தடவை செய்து, என்ன வித்தியாசம் என்று காட்ட வேண்டும். அதை விட்டு, ஓர் இலை முடிந்ததும் அடுத்த இலைக்குத் தாவுவது ஆராய்ச்சி ஆகாது. கடன் வாங்கிப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோருக்கு அது நியாயமும் ஆகாது.

பலன் கண்ட கதையும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் பிரதீப் குழுவினர், இறால் நண்டு ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானோடு அலுமினியத்தைச் சேர்த்து, தண்ணீரிலேயே, உலை இல்லாமல் நுண்துகள் செய்தார்கள். அதில் வெள்ளித் துகளையும் பொதித்தார்கள். குடிநீரைச் சுத்தம் செய்ய ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 2.5 டாலர் போதும் என்று 2013-ல் கணக்குக் காட்டினார்கள். இலை இல்லை, ஆனால் கிணற்றடிக்கு வந்த வேலை!

கடையில் "மூலிகை நானோ" என்று எழுதி ஒரு பொடியை நீட்டினால், தாய்மார்களே, வாங்கி வாயில் போட்டுவிடாதீர்கள். மூலிகை செய்வதற்கு உதவியது. டப்பாவில் இருப்பது உலோகம்.